உப்புநீர்த் தொட்டியில் இரவில் சொடுக்குச் சத்தம், காலையில் செத்த நத்தைகள்: கல்லோடு வந்தது எது?

கொக்குவிலான் எழுதியது:

வணக்கம். ஏழு வாரங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உள்ள கடல்நீர்த் தொட்டியொன்றை அமைத்தேன். மழை தொடங்கியதும் கடனீரேரியின் உப்புச்செறிவு இறங்கிவிடும் என்பதால் குருநகர்ப் பக்கத்து நீரைத் தவிர்த்து, காங்கேசன்துறைப் பக்கம் திறந்த கடலிலிருந்து நீர் எடுத்துவந்தேன். ஏறத்தாழ 15 கிலோ உயிர்க்கற்களை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்கற்களை) கொழும்பிலுள்ள ஒரு கடையிலிருந்து வாங்கினேன். அவை ஈரச்சாக்கில் சுற்றப்பட்டு இரவு பஸ்ஸில் வந்துசேர்ந்தன. நான் அறிந்து தொட்டிக்குள் விட்டவை இரண்டு கோமாளி மீன்களும் ஐந்து நத்தைகளும் மாத்திரமே.

மூன்றாவது வாரத்திலிருந்து இரவில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. விளக்கை அணைத்து அரைமணி நேரத்தின் பின், விரலைச் சொடுக்குவது போல, ஆனால் அதைவிடக் கூர்மையாக, இரண்டு மூன்று தடவை கேட்கும். பிறகு நெடுநேரம் ஒன்றும் இராது. முதல் நாள் தொட்டிக் கண்ணாடிதான் வெடிக்கிறதென்று அம்மா எழும்பி ஓடிவந்தார். கண்ணாடியின் நான்கு பக்கங்களையும் தடவிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை.

அதே காலத்தில் நத்தைகள் சாகத் தொடங்கின. ஐந்தில் மூன்று போய்விட்டன. இரண்டின் ஓட்டில் ஊசித்தலை அளவான வட்டத் துளை இருந்தது. மூன்றாவதின் ஓடு கல்லிடுக்கில் அகப்பட்டுக் கிடப்பதால் இன்னும் எடுக்கவில்லை. இவற்றைவிட, கல்லின் அடியிலிருந்து இரவில் ஒரு விரல் நீளமான செம்பழுப்புப் புழு வெளிவருகின்றது; அதன் இரு விளிம்பிலும் வெள்ளைப் பஞ்சு போன்ற மயிர்க்கற்றைகள் இருக்கின்றன. பழுப்பு நிறமும் நீண்ட விரல்களும் கொண்ட சிறிய கடற்சாமந்திகள் முதலில் இரண்டு இருந்தன, இப்போது பதினொன்று. கண்ணாடியின் பின்புறமெங்கும் கடுகளவான வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருக்கின்றன.

கற்களை வெளியே எடுத்து ஒருமுறை அவித்துவிட்டால் எல்லாம் தீரும் என்று நண்பர் ஒருவர் சொல்கின்றார். அப்படிச் செய்யலாமா? நத்தைகளைக் கொல்வது புழுவா, சத்தமிடும் பிராணியா? எதையாவது பிடித்தால் இங்குள்ள பண்ணைக் கடலில் விட்டுவிடலாமா? உயிர்களை வீணாகக் கொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் நத்தைகளையும் மீன்களையும் இழக்கவும் முடியாது.

வெண்மணல் எழுதியது:

கற்களை அவிக்க வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம், இதை முதலில் சொல்லிவிடுகின்றேன். உயிர்க்கற்களில் பொத்தான் போன்ற சிறு பூவுயிர்கள் ஒட்டி வருவதுண்டு. அவற்றுட் சில இனங்களில் பாலிரொக்சின் என்னும் கடும் நஞ்சு இருக்கின்றது. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த அத்தகைய உயிர் ஒன்றிலிருந்து 1971 இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். கல்லை அவித்தால் நஞ்சு ஆவியோடு எழுந்து மூச்சில் சேரும். இப்படி அவித்ததால் முழுக் குடும்பமும் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. கல்லைக் காயவைத்துத் தூரிகையால் உரசுவதும் அதே காரணத்தால் ஆபத்தானது.

இனிச் சத்தத்துக்கு வருகின்றேன். கல்லோடு வந்து சொடுக்கக்கூடியவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று பிஸ்டல் இறால், மற்றது மான்டிஸ் இறால். பிஸ்டல் இறாலின் இரு கொடுக்குகளில் ஒன்று உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்திருக்கும். அது அந்தக் கொடுக்கை மூடும் வேகத்தில் நீர்த்தாரை ஒன்று பாய்ந்து, அதன் பின்னால் ஒரு குமிழி உருவாகி உடைகின்றது. கொடுக்கின் இரு பாகங்களும் மோதுவதால் சத்தம் வருகிறதென்றே முன்பு நினைத்திருந்தார்கள். குமிழி உடைவதுதான் சத்தம் என்பது 2000 ஆம் ஆண்டில் அதிவேகப் படப்பிடிப்பால் தெரியவந்தது. மான்டிஸ் இறால் கும்பிடுபூச்சியைப் போல முன்கைகளை மடித்து வைத்திருக்கும். ஓடு உடைக்கும் வகையின் முன்கை தண்டாயுதத்தைப் போல இருக்கும். அதன் அடி விநாடிக்கு 20 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுமென்று அளந்திருக்கின்றார்கள். அதன் சத்தம் சொடுக்காக இராது, சுத்தியலால் தட்டுவது போல ‘டொக்’ என்று விழும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது முதலாவது.

ஆனால் சத்தத்தைவிட ஓடுகள்தான் உண்மையைச் சொல்லும். மான்டிஸ் இறால் நத்தையைத் தின்றால் ஓடு சில்லுச் சில்லாக உடைந்து, அதன் வளைவாயிலில் குவிந்து கிடக்கும். நண்டு தின்றால் ஓட்டின் வாய்விளிம்பு தோலுரித்தது போலப் பிய்ந்திருக்கும். பிஸ்டல் இறால் ஓட்டில் வட்டத்துளை போடாது. மயிர்ப்புழுவும் போடாது, அது செத்ததைத் தேடி வருவது. வட்டத்துளை போடுவது பெரும்பாலும் இன்னொரு நத்தை.

ஆகவே நான் மூன்று விடயங்களை அறிய வேண்டும். முதலில் துளையை உருப்பெருக்கி வில்லையால் பாருங்கள்: வெளிவாய் அகன்று உள்ளே போகப்போகக் குவிந்து, திருகாணித் தலைக்குப் பலகையில் குடைந்த பள்ளம் போல இருக்கின்றதா, அல்லது ஊசியால் குத்தியது போலச் சுவர்கள் நேராக இருக்கின்றனவா? அடுத்து, இறந்தவை கண்ணாடியில் மேய்ந்த நத்தைகளா, மணலில் புதையும் நத்தைகளா? கடைசியாக, தொட்டியின் மணல் எங்கிருந்து வந்தது? கல்லைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள் மணலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

சாதாழை எழுதியது:

வெண்மணல் ஐயா ஓடுகளைப் பார்த்துக்கொள்கின்றார். நான் புழுவையும் சாமந்தியையும் பற்றி எழுதுகின்றேன்.

பஞ்சுக் கற்றைகள் உள்ள அந்தப் புழுவை வைத்திருங்கள். மீன்கள் தின்னாமல் விட்ட இரையையும் செத்த உயிர்களையும் அது இரவில் துப்புரவாக்குகின்றது. செத்த நத்தையின் மேல் அதைக் கண்டவர்கள் அதன்மேல் கொலைப்பழி சுமத்துவது இந்தப் பொழுதுபோக்கில் எங்கும் நடக்கும் அநியாயம். வெறுங்கையால் மாத்திரம் தொடாதீர்கள். அந்த மயிர்கள் கண்ணாடி இழை போல முறிந்து தோலில் தங்கிவிடும். அப்படி நேர்ந்தால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி வைத்து ஒரே இழுவையில் உரித்தெடுங்கள்.

நீங்கள் அஞ்சவேண்டிய புழு வேறு. அதன் தலையில் ஐந்து உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், பஞ்சுக் கற்றைகள் இரா, வெளிச்சம் பட்டால் உடல் வானவில் நிறத்தில் மினுங்கும். 2009 இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகம் ஒன்றில் மீன்கள் காயமடைவதும் பவளங்கள் துண்டாடப்படுவதும் நெடுங்காலம் விளங்காமல் இருந்து, கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது நான்கடி நீளமான அத்தகைய புழு அகப்பட்டது. ஆகவே இரவில் புழு தலை நீட்டும்போது கொம்புகளை எண்ணிப் பாருங்கள். உங்களுடையதில் பஞ்சு இருக்கிறதென்று எழுதியிருப்பதால் பெரும்பாலும் பயமில்லை.

பதினொன்றாகப் பெருகிய சாமந்தி ஐப்டேசியா. அதை வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக முளைக்கும். சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டை, அதாவது வாசனையும் நிறமும் கலவாத நீற்றிய சுண்ணாம்பை, சிறிது நீரில் தோசைமாப் பதத்துக்குக் கரைத்து, ஊசி கழற்றிய சிறிஞ்சில் எடுத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, அதன் வாயின்மேல் மெதுவாக விடுங்கள். அது சுருங்குவதற்கு முன்னர் வாய்க்குள் போகவேண்டும். ஆகவே விரல்களில் தொடாமல் மேலிருந்து விடுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். சுண்ணாம்பு காரத்தன்மையைச் சட்டென்று உயர்த்தும் என்பதால் உங்கள் தொட்டியின் அளவுக்கு ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் செய்யாதீர்கள். இதைத் தின்னும் பெப்பர்மின்ற் இறாலை வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கவனமாக இருங்கள்: முதுகு கூனி, கண்கள் பெருத்து, சிவப்பின்மேல் வெள்ளை வரிகள் ஓடும் வேறோர் இறால் சில வேளைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றது. அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு மென்பவளங்களைத் தின்னும்.

ஒன்று கேட்கவேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்றுநீரையா விடுகின்றீர்கள்? வலிகாமத்துச் சுண்ணக்கல்லின் ஊடாகத் தோட்டத்துப் பசளை நேரே கிணற்றுக்குள் இறங்குகின்றது; நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையையே தாண்டுகின்றது. அதை நாளாந்தம் விட்டால் பாசிக்கும் ஐப்டேசியாவுக்கும் நீங்களே பசளை இடுகின்றீர்கள். கானில் விற்கும் வடிகட்டிய நீரையோ, கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

கண்ணாடியிலுள்ள வெள்ளைச் சுருள்கள் சிறு குழாய்ப் புழுக்கள். விட்டுவிடுங்கள்.

கொக்குவிலான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கிணற்றுநீரைத்தான் விட்டுவந்தேன், இன்றோடு நிறுத்திவிட்டேன்.

துளையைத் தம்பியின் பாடசாலை வில்லையால் பார்த்தேன். வெளிவாய் அகன்று உள்ளே குவிகின்றது. விளிம்பு அரத்தால் தேய்த்தது போல அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றது. கல்லிடுக்கில் கிடந்த மூன்றாவது ஓட்டையும் இடுக்கியால் எடுத்தேன், அதிலும் அதே துளை. இறந்த மூன்றும் மணலில் புதையும் நத்தைகள். கண்ணாடியில் மேயும் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் இதுவரை கவனிக்கவே இல்லை.

மணலைப் பற்றி எழுதாததற்கு வருந்துகின்றேன். கடையில் வாங்கிய மணல் போதாமல் போனதால் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போன நாளில் அலை வந்துபோகும் இடத்திலிருந்து அரை வாளி மணல் அள்ளிவந்து, கழுவாமலே போட்டேன். நல்ல நுண்ணுயிர்கள் வரட்டும் என்று நினைத்தேன்.

ரோச் லைற்றின்மேல் சிவப்புப் பிளாஸ்ரிக் தாளைக் கட்டி நேற்றிரவு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு நடுக்கல்லின் அடியிலிருந்து பச்சை கலந்த பழுப்பு இறால் ஒன்று மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கொடுக்கு மற்றதைவிட மூன்று மடங்கு பெரிது. ஒரு சிப்பித் துண்டைத் தூக்கித் தன் வாயிலில் வைத்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்து அதே துண்டைச் சற்று நகர்த்தி வைத்தது. புழு மின்னல் வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டதால் கொம்புகளை எண்ண முடியவில்லை.

வெண்மணல் எழுதியது:

நீங்கள் கண்டது பிஸ்டல் இறாலேதான். நத்தைகளைக் கொன்றது அதுவன்று. கல்லோடு வந்த எதுவுமன்று. கொன்றது கசூரினா மணலோடு வந்திருக்கின்றது.

குவிந்த துளை நாட்டிசிடே குடும்பத்து நத்தைகளின் கையெழுத்து. அவை உருண்டையான, பளபளக்கும் ஓடுள்ளவை. மணலுக்குள்ளேயே ஊர்ந்து இரை தேடுபவை. அகன்ற பாதத்தால் இரையைப் போர்த்திப் பிடித்து, வாய்க்குழலின் நுனியிலுள்ள ஓர் உறுப்பிலிருந்து அமிலத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, பிறகு அரம்போன்ற நாக்கால் அந்த இடத்தைச் சுரண்டும். மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். ஒரு துளை முடியப் பல மணி நேரம் ஆகும், தடித்த ஓடென்றால் நாட்கணக்கும் ஆகும். நேரான சுவர்களுள்ள துளையாக இருந்திருந்தால் பாறைகளில் ஊரும் முள்ளூரி இனத்தைச் சந்தேகித்திருப்பேன். மணலில் புதைந்தவை மாத்திரம் இறந்து கண்ணாடியில் மேய்பவை தப்பியிருப்பதும் இதனோடு பொருந்துகின்றது.

பிடிக்கும் முறை: விளக்கணைத்து இரண்டு மணி நேரத்தின் பின் மணலின் மேற்பரப்பைச் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஏர் உழுத சால் போன்ற கோடும், அதன் முனையில் சிறு மேடும் தெரியும். அந்த மேட்டைக் கீழிருந்து பிளாஸ்ரிக் அரிதட்டால் அள்ளுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் மணலுக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம். கடற்கரை மணலோடு நாட்டிசிடே வந்ததென்றால் கூம்பு நத்தையும் வந்திருக்கலாம். அதன் ஓடு பம்பரத்தைப் போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூராகவும், வாய் நீளத்துக்கு ஓடும் ஒடுங்கிய பிளவாகவும் இருக்கும். அழகான கோலங்கள் இருப்பதால் சிறுவர்கள் கையில் எடுக்க விரும்புவார்கள். அது நஞ்சுப் பல்லை ஈட்டி போல எய்யக்கூடியது. அவற்றுள் ஓரினம் மனிதர்களைக் கொன்றிருக்கின்றது, அந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. கையுறையை நம்பவேண்டாம். தம்பியிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

வடகடல் எழுதியது:

நத்தைகளைக் கொன்றது பிஸ்டல் இறால் அன்று என்பதால் அதை வைத்திருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது ஓயாமல் கல்லின் கீழ் மணலைத் தோண்டும். உங்கள் கற்கள் மணலின்மேல் நிற்கின்றனவா, தொட்டியின் அடித்தளத்தில் நிற்கின்றனவா? மணலின்மேல் நின்றால் ஒரு நாள் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். எனக்கு அப்படி ஒரு தொட்டி உடைந்து அறை முழுவதும் கடலானது. அடிக்கற்களைத் தளத்திலேயே ஊன்றி, பிறகு மணலைச் சுற்றிலும் நிரப்புங்கள். அது பிற்காலத்தில் சிறு மீன்களைத் தொந்தரவு செய்தால் பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டொன்றை வைத்து வளைவாயிலில் கிடத்துங்கள். கடலில் மீன் பிடிக்கும் நம் களங்கட்டியின் தத்துவம்தான்: உள்ளே வர வழி அகலம், திரும்பிப் போக வழி தெரியாது.

பண்ணைக் கடலில் விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லோடு வந்த எதையும் விடாதீர்கள். அந்தக் கல் எந்தக் கடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது. 1984 இல் மொனாக்கோக் கரையில் காணப்பட்ட காட்சித்தொட்டிப் பாசி ஒன்று பின்னர் மத்தியதரைக் கடலின் கரைகளில் பரவி அங்குள்ள கடற்புற்களை மூடியது. நமக்கு அருகிலேயே மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் பாசி முருகைக் (பவளக்) கற்களின்மேல் படர்ந்ததை நேரில் கண்டவர்கள் எழுதியிருக்கின்றார்கள். தொட்டி நீரை மாற்றும்போதுகூடக் கடலிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் வெறும் நிலத்தில் ஊற்றுங்கள். கல் இன்னும் தேவைப்பட்டால் உயிருள்ள முருகையை எவரிடமும் வாங்காதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கின்றது, நம் கரையைக் காப்பதும் அதுதான். காய்ந்த கல்லில் உயிர் ஏறச் சில மாதங்கள் எடுக்கும், அவ்வளவுதான்.

கொக்குவிலான் எழுதியது:

ஐந்து நாட்களின் பின் எழுதுகின்றேன்.

மூன்றாம் இரவு அகப்பட்டது. நீங்கள் சொன்ன சால் இடப்பக்க மூலையிலிருந்து வளைந்து வந்து நடுவில் நின்றது. தேங்காய்ப்பால் வடிக்கும் பழைய பிளாஸ்ரிக் அரிதட்டால் அள்ளினேன். மணல் இறங்கியபின் மிஞ்சியது நெல்லிக்காயளவு நத்தை. ஓடு கோதிய பலாக்கொட்டை நிறம், மெழுகு பூசியது போல மினுங்கியது. தண்ணீருக்குள் வைத்ததும் வெண்ணிறப் பாதம் விரிந்து விரிந்து ஓட்டையே மூடிவிட்டது. இவ்வளவு உடம்பும் அந்த ஓட்டுக்குள் எப்படி அடங்கியதென்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். கூம்பு நத்தை எதுவும் அகப்படவில்லை, இருந்தும் மணல் முழுவதையும் இரண்டு இரவுகள் அரித்துப் பார்த்தேன்.

அதைக் கொல்லவில்லை. சிறிய பெட்டியொன்றில் மணல் இட்டுத் தனியாக வைத்திருக்கின்றேன். பாசையூர்ச் சந்தையில் வாங்கிய மட்டியொன்றை மாலையில் போட்டேன்; மறுநாள் முழுவதும் பாதத்தால் போர்த்தபடி அசையாமல் கிடந்தது, மூன்றாம் நாட் காலையில் மட்டி திறந்து கிடந்தது. பிணைப்புக்கு அருகில் அதே குவிந்த துளை. அதை அளந்தும் பார்த்தேன்: வெளிவாய் 2 மில்லிமீற்றர், உள்வாய் அதில் பாதிக்குச் சற்று மேல்.

அடிக்கற்களைத் தளத்தில் ஊன்றி மாற்றிவைத்தேன். அப்போது கல்லடியிலிருந்து புழு முழுவதுமாக வெளியே வந்தது. பஞ்சுக் கற்றைகள் தலைமுதல் வால்வரை இருந்தன. நீண்டு மினுங்கும் ஐந்து கொம்புகள் இல்லை. திரும்பவும் அதே கல்லின் கீழ் விட்டுவிட்டேன். ஐப்டேசியாவில் நாலுக்குச் சுண்ணாம்பு வைத்தாயிற்று, ஏழு மிச்சம்.

நேற்றிரவும் சொடுக்குச் சத்தம் கேட்டது. அம்மா எழும்பவில்லை.